குவளையில் மறைந்திருப்பது

சாரல் காலத்தில் தென்காசியில் வீடு உள்ளவர்க்கு விருந்தினர் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி மெல்லிய தூறலாய் உதிரும் ஆனி, ஆடி மாதங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகிவிடும். குற்றாலத்தின் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நனைந்து, நடுங்கி வீடு திரும்புவோருக்குச் சுக்குக் காப்பி கொடுப்பதே நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலமாகச் சில இல்லங்களில், நம் கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றிலும், அந்த இடத்திற்கு வேறொரு பானம் வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கு அடுப்பும் வேண்டாம், கைப்பக்குவமும் வேண்டாம். நீண்ட கண்ணாடிக் குவளையில் வோட்கா 60 மில்லி லிட்டர், புளியங்குடி எலுமிச்சையில் அரை மூடியின் சாறு, சீனிப்பாகு இரண்டு கரண்டி, சில பனிக்கட்டிகள். மேலே சோடாவை ஊற்றினால் நுரைத்தெழும். பார்வைக்கு அது எலுமிச்சைச் சோடா; நாவுக்கும் அதுவே. வோட்கா என்னும் ருசியச் சொல் தண்ணீரைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. பெயருக்கேற்ப நிறமில்லை, மணமும் சிறிதே. ஆயினும் நம் நாட்டில் விற்கப்படுவதில் வழக்கமாக 42.8 விழுக்காடு மதுசாரம் உண்டு. கணக்கிட்டால், அந்த 60 மில்லி லிட்டரில் அடங்கியிருப்பது 5 விழுக்காடுள்ள பீர் ஏறத்தாழ அரை லிட்டரில் இருப்பதற்குச் சமம். பீரின் கசப்பு குடிப்பவனை எச்சரிக்கும். இங்கே இனிப்பு அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகிறது. சோடாவிலுள்ள வாயுவோ, சிலருக்கு மது இரத்தத்தில் விரைந்து சேரவும் காரணமாகிறது.

சென்ற ஆண்டுச் சாரலின்போது பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று. அவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். குடியால் நிலத்தையும் நிம்மதியையும் இழந்து, பின்னர்த் திருச்சிலுவை முன் வாக்களித்து, நான்கு ஆண்டுகள் மதுவைத் தொடாதிருந்தவர். விடுமுறைக்கு வந்த தங்கை மகன் அன்று விருந்தினர் அனைவருக்கும் குவளை நீட்டியிருக்கிறான். "என்னடே இது?" என்று இவர் கேட்க, "லெமன் சோடாதான் மாமா, சும்மா குடிங்க" என்றிருக்கிறான். குடித்தார். இன்னொன்று கொடுத்தான், அதையும் குடித்தார். மறுநாள் தாமே கடைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாம் நாள் என் அறையில் அமர்ந்து, "சாமி, நான் வாக்குத் தவறினேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

குருமடத்தில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் இறையியல் தொகுப்பில் குடிவெறியைப் பற்றி ஆராயும்போது மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். பானத்தின் கடுமையை அறியாமல் பருகி மயங்குபவனிடம் பாவமில்லை. அளவு மிஞ்சுகிறது என்று அறிந்தும், அது மயக்கும் என்று அறியாதவனிடம் அற்பப் பாவம் உண்டு. இரண்டையும் அறிந்து, விலகுவதைவிட மயங்குவதையே விரும்புபவனிடம் சாவான பாவம் உண்டு. அதாவது, பாவத்தை அளக்கும் கோல் குவளையன்று. அறிவும் மன இசைவுமே.

இதன்படி அவர் குற்றமற்றவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "முதல் குவளை தெரியாது சாமி. ரெண்டாவதுல பாதி போகும்போதே காது சூடாச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரியே மீதியையும் குடிச்சேன்."

நூலில் தனித்தனியே நின்ற மூன்று மனிதரும் ஒரே நாற்காலியில், ஒரே மாலையில் வந்து அமர்ந்திருக்கிறார்கள்! இனிப்பு நாவை மட்டும் ஏமாற்றுவதில்லை. ஏமாற விரும்பும் மனத்திற்கு அது சாக்கும் தருகிறது. 'எனக்குத் தெரியாது' என்பது மெய்யாயிருந்து பொய்யாக மாறும் நொடியை அவர் ஒருவரே அறிவார். அதை மறைக்காமல் சொன்ன அவருடைய நேர்மைக்கு முன் என் பாடம் சிறியதாயிற்று. "முதல் குவளையில் நீங்கள் தவறவில்லை, இரண்டாவதின் பாதியில் தவறினீர்கள். ஆனால் நெடுநாள் பழக்கம் சுதந்திரத்தைக் குறைக்கிறது, எனவே பொறுப்பும் குறைகிறது" என்றேன். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இதையே ஏற்கிறது. "இன்றே மீண்டும் தொடங்குங்கள்" என்று ஆசீர் அளித்து அனுப்பினேன்.

அவனையும் சந்தித்தேன். "மாமா குடியை விட்டது தெரியும் சாமி. ஒரு நாள் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்" என்றான். கெட்டவன் அல்லன், தான் ஊற்றியதன் கனத்தை அறியாதவன். மாமாவின் கையில் மிஞ்சியிருந்த ஒரே செல்வம் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை. அதை அவரைக் கேளாமலே பறித்துக்கொண்டான்.

திருச்சபை மதுவை வெறுக்கிறது என்று நான் சொல்லவில்லை. அளவோடு அருந்தும் திராட்சை இரசம் மகிழ்ச்சி தரும் என்று சீராக்கின் நூல் கூறுகிறது. கானாவூரில் ஆண்டவர் ஆறு கல்தொட்டித் தண்ணீரை இரசமாக்கினார். பந்தி மேற்பார்வையாளருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இரசத்தை எதிர்பார்த்தவருக்கு அதனினும் நல்ல இரசமே கிடைத்தது. எவரும் இடறி விழவில்லை. திருப்பலியில் நானும் நாள்தோறும் இரசத்தில் ஒரு துளி நீரைக் கலக்கிறேன், எல்லாரும் காணப் பீடத்தின்மேல். கலப்பது பாவமன்று, கலந்ததை மறைப்பதே பாவம்.

நம் பழைய ஞானோபதேச ஏட்டில் 'மட்டசனம்' என்ற புண்ணியத்தைச் சிறுவயதிலேயே மனனம் செய்தோம். அது அவரவர் வாய்க்கு மட்டுமே உரிய காவல் என்று எண்ணியிருந்தேன். சகோதரர் இடறுவதற்குக் காரணமாகும் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருப்பதே நல்லது என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதியதை நினைக்கும்போது, ஊற்றும் கைக்கும் அப்புண்ணியம் வேண்டும் என்று உணர்கிறேன். உங்கள் இல்லத்தில் குவளையை நீட்டினால், உள்ளிருப்பது இன்னதென்று சொல்லி நீட்டுங்கள். வேண்டாம் என்பவரை மறுமுறை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு நன்னாரி சர்பத்தை அதே கண்ணாடிக் குவளையில், அதே மரியாதையோடு கொடுங்கள்.

பெரியவர் மீண்டும் வாக்களித்து, அதைக் காத்து வருகிறார். தங்கை மகனையும் மன்னித்துவிட்டார். ஆனால் அண்மையில் என்னிடம் ஒன்று சொன்னார்: "இப்பல்லாம் தங்கச்சி வீட்டுல தண்ணி கொடுத்தாலும் மோந்து பாத்துட்டுதான் குடிக்கேன் சாமி."