விளக்கைப் பார்த்து நின்றவர்

வால்பாறையில் ஒரு சாலைத் திருப்பம். உயரமான கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்து இருட்டுக் கூடும் நேரம். பெட்டிக்கடையின் தாழ்வாரத்தில், தோட்ட வேலை முடிந்து வந்த ஓர் அம்மா தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமல் தூக்குவாளியோடு நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்றது. அதிலிருந்து இறங்கிய குடும்பம் தேயிலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "இந்த லைட் எரிஞ்சா யானை பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்டா. நமக்கு இன்னிக்கு அதிர்ஷ்டம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. யானை வரவில்லை. கடைக்காரர் வெளியே வந்து, "நிக்காதீங்க சார், வண்டிய எடுங்க" என்றதும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வெகுநேரம் கழித்து விளக்கு அணைந்தது. அந்த அம்மா சரிவிலிருந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கி வீட்டுக்குப் போனார்.

இதில் நினைத்து நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றும். ஆனாலும் ஒன்று மட்டும் என்னை விடுவதாயில்லை. அவ்வளவு நேரமும் அந்த அம்மா விளக்கை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். யானை எந்தப் பக்கம் இருக்கும் என்று ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. காரில் வந்தவர்கள் ஒருமுறைகூட விளக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தடி தூரத்தில் நின்று, ஒரே யானைக்காக இரண்டு தரப்பினரும் காத்திருந்தார்கள். ஒருவருக்கு அது போக வேண்டும், மற்றவர்களுக்கு அது வர வேண்டும்.

அந்த விளக்கைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, ஊடே காப்பி; அவற்றுக்கு நடுவில் வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். யானை தேயிலையைத் தின்பதில்லை. அதற்கு இந்தத் தோட்டம் வெறும் வழி. பகலில் ஆற்றோரத்திலும் காட்டுத் துண்டுகளிலும் நின்றுவிட்டு, இருட்டியதும் தேயிலை வழியாக நடக்கும். தொழிலாளர்கள் வேலை முடிந்து, கடைகண்ணிக்குப் போய்த் திரும்பும் நேரமும் அதுதான். இங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அதை விரட்டப் போனவர்கள் அல்லர். பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் நடந்து வந்தவர்கள். இதைக் கணக்கெடுத்துப் புரிந்துகொண்டதிலிருந்துதான் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்களும் வனத்துறையும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று மக்களின் கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போனது. 2011 வாக்கில் சிவப்பு விளக்குகள் வந்தன. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் யானை இருந்தால் விளக்கு எரியும். அதை எரியவிடுபவர்கள் அந்தந்த இடத்து ஆட்களே. தங்கள் கைபேசியிலிருந்து அழைத்தால் போதும். அதன்பின் சாவுகள் குறைந்தன. இந்தப் பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. இந்த நாட்டில் நான் அறிந்த நல்ல கண்டுபிடிப்புகளில் இதற்கு மேலான இடம் கொடுப்பேன். வேலி போடவில்லை, வெடி வெடிக்கவில்லை, யாரையும் பிடித்து வேறிடத்தில் விடவில்லை. 'இன்னார் இங்கே இருக்கிறார்' என்று இன்னொருவருக்குச் சொல்லி அனுப்புகிறது, அவ்வளவே.

அப்படிச் சொல்லி அனுப்பியதைத்தான் ஒருவர் விலகி நிற்கச் சொன்னதாகவும் இன்னொருவர் வந்து பார்க்கச் சொன்னதாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

காரில் வந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு யானையைக் காட்ட ஒரு தகப்பன் ஆசைப்படுவதில் என்ன தப்பு? சங்கிலி போட்ட யானையையோ தும்பிக்கையில் காசு வாங்கும் யானையையோ காட்டாமல், தன் போக்கில் நடக்கும் யானையைக் காட்ட நினைத்தாரே, அந்த மட்டில் அவர் நல்ல தகப்பன். அந்தப் பெண்குழந்தை நாளை ஒரு காட்டுக்காகக் குரல் கொடுத்தாலும் கொடுப்பாள். பார்த்ததால்தானே பிரியம் வருகிறது என்று அவர் கேட்டால் என்னால் உடனே மறுக்க முடியாது.

நான் பொள்ளாச்சிப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெற்கே பார்த்தால் ஆனைமலை நீலமாகத் தெரியும். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று ஊரே அங்கே இருக்கும். அது அந்த மலைத் தண்ணீர் என்று அப்பா சொல்வார். மலையில் பெய்த மழை எங்கள் தென்னந்தோப்புக்கு எப்படி வழி கண்டுபிடித்தது என்பதை நான் நெடுநாள் ஓர் அதிசயமாகவே வைத்திருந்தேன். அத்தையை அந்த மலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை, லைன் வீட்டில் குடியிருப்பு. பள்ளி விடுமுறை விட்டால் ஆழியாறு வழியாகப் பேருந்து. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் எல்லாரும் இடதும் வலதுமாய் எட்டிப் பார்ப்பார்கள். கீழே ஆழியாறு அணை ஒரு கண்ணாடித் துண்டாய்க் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடு நிற்கும். (அதிர்ஷ்டம் என்ற சொல்லை நானும் அப்போது அப்படித்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.)

அத்தை வீட்டில் ஆறு மணிக்குமேல் வாசலில் நிற்க விடமாட்டார்கள். அப்போது இந்த விளக்கெல்லாம் கிடையாது. நாய் குரைக்கும் விதத்தையும் மூங்கில் ஒடியும் சத்தத்தையும் வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் அரிசி இருப்பது யானைக்குத் தெரியும் என்பார் மாமா. கதவை உடைத்து எடுத்த கதைகளை அவர் கோபமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரரின் பழக்கத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். அத்தை இருட்டிய பிறகு யானை என்று பெயர் சொல்லவே மாட்டார். "அவங்க போகட்டும், அப்புறம் தண்ணி எடுக்கலாம்" என்பார். நான் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன் என்று அடம்பிடித்த ஓர் இரவில் அவர் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "பாத்து என்ன கண்ணு பண்ணப்போற?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தை அவ்வளவு வருடம் அங்கே இருந்தும் சோலையாறு அணையைப் போய்ப் பார்த்ததில்லை. நல்லமுடி பூஞ்சோலையிலிருந்து கேரளத்துப் பள்ளத்தாக்குகள் மடிப்பு மடிப்பாய் விரிவதைப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகக் கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அவர் வீட்டிலிருந்து தொலைவில்லை; அவருக்கு அது துணி காயாத ஊர் என்பதற்குமேல் எதுவுமில்லை. அவர் அந்த மலையை நேசித்தாரா? ஓய்வு பெற்றுக் கீழே வந்தபிறகு, சமவெளி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "அங்க இருந்தா இந்நேரம் பனி எறங்கியிருக்கும்" என்று அவர் சொல்லும்போது குரல் மாறிவிடும். பார்க்கப் போகாதவருக்கும் ஏதோ ஒன்று உள்ளே இறங்கியிருந்தது.

இதை எழுதும்போது 'எரியும் பனிக்காடு' நினைவுக்கு வருகிறது. இந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல் அது; இரா. முருகவேள் தமிழில் தந்தார். பாலாவின் 'பரதேசி' படம் 2013இல் அதிலிருந்துதான் கிளைத்தது. படித்து நாளாகிவிட்டது. கங்காணியின் பேச்சை நம்பித் தெற்கிலிருந்து மலையேறும் தம்பதியும், குளிரும், அட்டையும், காய்ச்சலும்தான் என்னிடம் தங்கியிருக்கின்றன. இன்று நாம் காரை நிறுத்திப் படமெடுக்கும் அந்தப் பச்சைச் சரிவுகள் முழுக்கக் காட்டை வெட்டி, ஆட்களைத் தின்று, உண்டாக்கியவை. தேயிலை ஒரே மட்டமாக இருப்பதால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அந்த மட்டம் குனிந்த முதுகுகளால் வந்தது. அழகைப் பார்ப்பவன் இதையெல்லாம் நினைத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்று சட்டம் போட முடியாதுதான். ஆனால் தூக்குவாளியோடு நின்ற அந்த அம்மாவுக்குப் பின்னால் அப்படி எத்தனை தலைமுறை நின்றிருந்தது என்பதை நினைக்காமல் அந்த மாலையை என்னால் மறுபடி நினைக்க முடியவில்லை. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் அதே சரிவில் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களும் அந்த விளக்கைப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

பார்ப்பதால் பிரியம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. புதுத்தோட்டத்தில் சாலையோரம் சோலைமந்திகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியோடு அது நம்மைத் திரும்பிப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். இளகிய மனம் கையிலிருக்கும் பிஸ்கட்டை நீட்டும். உச்சிக்கிளையிலேயே வாழப் பிறந்த விலங்கு அப்படித்தான் தார்ச்சாலைக்கு இறங்கி வரப் பழகியது. வண்டியில் அடிபடவும் செய்தது. இப்போது மரத்துக்கு மரம் அவை கடந்துபோகத் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், உணவு தராதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிஸ்கட் நீட்டியவர்களிடம் கொடுமை இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்தது பிரியம்தான். அது இன்னும் கொஞ்சம் கிட்டே போக நினைத்த பிரியம்.

அந்த அம்மாவிடம் இருந்ததைப் பிரியம் என்று சொல்லலாமா? பயம் என்பார்கள் சிலர். பயந்தவர் விளக்கை மட்டும் பார்த்து நின்றிருக்க மாட்டார்; நாலு பக்கமும் பார்த்திருப்பார், கல்லெடுத்திருப்பார், ஆள் கூட்டியிருப்பார். அவர் முகத்தில் நான் கண்டது பொறுமை. மாலை நேரத்தில், வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டிய நேரத்தில், தன் நேரத்திலிருந்து ஒரு பங்கை அந்த விலங்குக்குக் கொடுத்துவிட்டு நின்றார். அதை அவர் தியாகமாக நினைத்திருக்கவும் மாட்டார். சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குகிறோமே, அந்த ஒதுக்கம். காட்டைக் காக்க வேண்டும் என்று நகரத்தில் நாம் பேசும் பேச்செல்லாம் கடைசியில் இந்த ஒதுக்கத்தில் போய்த்தான் நிற்கும் என்றால், அதைச் செய்துகொண்டிருப்பவர் யானையைப் பார்க்க ஆசைப்படாதவர். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆசைப்பட்டுப் போகும் நாமும் அந்த ஒதுக்கத்தைக் கற்க முடியாதா? முடியும் என்பதற்கு வாழச்சால் காட்டிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே காடர் பழங்குடியினர் இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். முன்பு குஞ்சை எடுக்க எந்த மரம் ஏற வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த அதே அறிவைக் கொண்டுதான் இப்போது காக்கிறார்கள். இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். மூன்று நான்கு மாதம் ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். கூட்டுக்கடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் அது வரத் தயங்கும். ஆகவே காவல்காரர் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பறவை அவரைப் பொருட்படுத்தாத தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்தத் தூரம் எவ்வளவு என்று எந்தப் பலகையிலும் எழுத முடியாது. மரத்துக்கு மரம், பறவைக்குப் பறவை அது மாறும். போய்ப் போய், நின்று நின்று பழகியவருக்குத்தான் தெரியும். இரண்டு நாள் விடுப்பில் வருகிறவர் அதை எங்கே கற்பது?

வால்பாறைத் தோட்டம் ஒன்றில் ஒரு பழைய மரத்தில் இருவாச்சி கூடு வைக்கிறது. தோட்டக் காவலாளி ஒருவர் தூரத்திலிருந்து எனக்குக் காட்டினார். தெரிந்தவர்கள் வால்பாறை போகிறோம், என்ன பார்க்கலாம் என்று கேட்டால் நான் அணையைச் சொல்கிறேன், ஒன்பதாவது வளைவைச் சொல்கிறேன், பூஞ்சோலையைச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்காமல் போய்விடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த மரத்தை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் நாளைக்கு அதன் அடியில் நாலு கார் நிற்கும் என்று பயம். ஆனால் யாருக்குமே தெரியாத மரம் ஒருநாள் விறகாகிவிட்டால் கேட்கவும் ஆள் இருக்காதே என்றும் தோன்றுகிறது. ஊர் அறிந்ததால் தப்பிய மரங்களும் உண்டு, ஊர் அறிந்ததாலேயே கெட்ட இடங்களும் உண்டு. நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில் அந்தப் பறவைக்கு எவ்வளவு பங்கு, எனக்கு மட்டும் தெரியும் என்ற சுகத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.