வேலி யாருக்காக?

மனிதன் நிலத்தைச் சுற்றி வேலி இடுவது புதிதன்று. வீட்டுக்கு வேலி இட்டான். வயலுக்கு வேலி இட்டான். மையவாடிக்கும் வேலி இட்டான். இவையெல்லாம் அவன் தனக்காக இட்டுக்கொண்டவை. பறவைக்கும் விலங்குக்கும் என ஒரு நிலப்பரப்பை ஒதுக்கி, அதனுள் வரும் மனிதனை விருந்தாளியாக அளவறிந்து நடக்கச் சொல்லும் வேலியோ வேறு வகையானது. அது நியாயமானதுதானா? நியாயமெனில், எந்த நிபந்தனையின்மீது நியாயம்? இவ்வினா சிந்திக்கத் தக்கது.

நாகை மாவட்டத்துக் கோடியக்கரையை எடுத்துக்கொள்வோம். வேதாரணியத்திற்குத் தெற்கே, கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனை அது. 1967ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனையும் அடுத்துள்ள சதுப்பு நிலங்களையும் சேர்த்து, 2002இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்றனர். பாலை மரங்கள் செறிந்த காடு, வெளிமான்கள் மேயும் புல்வெளி, ஆழமற்ற நீர் தேங்கிய சேற்றுப்பரப்பு, அப்பால் உப்பளங்கள் என்று நிலம் சிறிது தொலைவுக்குள்ளேயே பல கோலம் கொள்கிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அக்காட்டு மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. ஆயினும் குளிர்காலந்தோறும் பூநாரைகளும் உள்ளான்களும் வருகின்றன. அவற்றைக் காண மக்களும் வருகின்றனர்.

கொசு உள்ளான் என்றொரு பறவை. அதன் எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு சிறு பிடி அரிசியின் பாரம். வடதுருவத்தை ஒட்டிய சைபீரிய நிலத்தில் குஞ்சு பொரித்து, அங்கே பனி மூடுமுன் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து தென்திசை நாடுகளை அடைகிறது. சேற்றில் அது ஓயாமல் கொத்தித் தின்னும் புழுவும் பூச்சியுமே உடலில் கொழுப்பாகச் சேர்ந்து, திரும்பும் பயணத்திற்குக் கட்டுச்சோறாகின்றன. படம் எடுப்பதற்காகவோ, கூட்டமாக எழும்பும் அழகைக் காண்பதற்காகவோ நாம் கைதட்டி அதனை விரட்டினால், அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு கவளத்தைப் பறித்தவர்களாகிறோம். நமக்கு அரைநாள் இன்பம்; அதற்கோ அது ரிஸ்கு. ஒன்றைப் புசிக்க ஆகுமானதா என்று கேட்டறியும் நாம், அதன் உணவைக் கெடுக்க நமக்கு ஆகுமா என்றும் கேட்க வேண்டாமா? உயிருள்ள எதனையும் விளையாட்டாகக் குறிவைத்து எய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்பது நாம் அறிந்ததே.

1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி அவர்களின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, இது என்ன பறவை என்று ஐயுற்றார். அந்த ஐயமே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. பறவைகளை அறிவதே வாழ்நாள் பணியாயிற்று. ஆய்வுக்காக அவரும் பறவைகளைச் சுட்டதுண்டு. ஆயினும் அதே கழகத்தார் பிற்காலத்தில் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, உயிருடன் பறக்கவிட்டு அவற்றின் வழியை அறிந்தனர். அறிவு முதிரும்போது கைக்கு மென்மை வருகிறது.

இனி, எதிர்வாதம் ஒன்றுண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் அறமாகாது. “காட்டோரத்து ஏழை விறகுக்கும் மேய்ச்சலுக்கும் எங்கே போவான்? பறவைக்கு இடம் விட்டு மனிதனைப் பட்டினி போடுவதா? பட்டணத்திலிருந்து வருகிறவன் பார்த்து மகிழ்வதற்காகவா அவன் விலகி நிற்க வேண்டும்?” என்பது அது.

இதற்கு விடை காண அரபகத்தின் ‘ஹிமா’ முறை நமக்கு உதவும். ஹிமா என்றால் காக்கப்பட்ட நிலம். அறியாமைக் காலத்தில் வலிமை மிக்க தலைவன் நாயைக் குரைக்கச் செய்து, அவ்வோசை எட்டும் எல்லைவரை தன் மந்தைக்கென வளைத்துக்கொள்வான் என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தகைய தனியுரிமையை ஒழித்து, பொதுநலனுக்காக மட்டுமே நிலம் காக்கப்படலாம் என்று வரையறுத்தார்கள். பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியவர்களை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடாதிருக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளுடன் வந்து நிற்பானே என்பது அவர்கள் காட்டிய காரணம்.

கூர்ந்து நோக்குக. உமர் (ரலி) அவர்கள் வேலியை எடுத்துவிடவில்லை, காவலரையும் நீக்கவில்லை. எளியவன் என்பதற்காக நிலத்தை அழித்துவிட யாருக்கும் அனுமதியில்லை. நிலம் அழிந்தால் முதலில் பசிப்பவனும் அவனே. ஆனால் காவலின் சுமை யார் தோளில் முதலில் ஏற வேண்டும் என்பதை அவர்கள் தீர்த்துவைத்தார்கள். சுள்ளி பொறுக்கும் கிழவியிடம் கண்டிப்பாகவும், வாகனத்தில் வந்து இரைச்சலிட்டுக் குப்பை கொட்டிச் செல்வோரிடம் கனிவாகவும் நடக்கும் காவல், பழைய நாய்க்குரைப்பு ஹிமாவின் மறுபிறப்பே. விறகை இழந்த வீட்டுக்கு மாற்று எரிபொருளும், மேய்ச்சலை இழந்தவனுக்கு மாற்றுப் பிழைப்பும் தருவது வேலி இட்டவரின் கடமை. அக்கடமை நிறைவேறும் அளவுக்கே வேலிக்கு நியாயம் உண்டு.

பார்க்கச் செல்லும் நமக்கும் இதில் பங்குண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், அங்கே குரல் தாழ்த்தவும், எட்ட நிற்கவும், கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவரவும் பழக்குக. அவ்வூராரிடம் பொருள் வாங்கி, அவர்களையே வழிகாட்டியாகக் கொள்க. ‘இப்ரத்’ என்னும் அரபுச் சொல் படிப்பினையைக் குறிக்கும். கடத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கண்ட பொருளிலிருந்து காணாத பொருளுக்குக் கடந்து செல்வதே படிப்பினை. பறவையைக் கண்ட கண், அதன் பொருட்டு விலகி நின்ற ஏழையையும் காணுமாயின், அப்பயணம் வீண்போகவில்லை எனலாம்.