மூழ்கியவர்கள் எல்லாம் பாவிகளா?

அட்லாண்டிஸ் பிளேட்டோவின் கற்பனை. கி.மு. 360 வாக்கில் அவர் எழுதிய இரண்டு உரையாடல்களில்தான் அந்தத் தீவு முதன்முதலாக வருகிறது. செல்வம் மிகுந்து, பேராசை முற்றி, ஏதென்ஸ் மீது படையெடுத்து, கடைசியில் ஒரே பகல் ஒரே இரவில் கடலுக்குள் போய்விடுகிறது. "ஆடின ஆட்டத்துக்குக் கிடைச்ச தண்டனை" என்று சொல்லத்தான் தோன்றும்.

ஆனால் 'திமேயஸ்' உரையாடலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதே பேரழிவில் ஏதென்ஸின் வீரர்களையும் மண் விழுங்கியது. நாட்டைக் காத்தவர்கள் அவர்கள். என்ன பாவம் பண்ணினார்கள்? 'கிரிட்டியாஸ்' நூலிலும் பதில் இல்லை. தண்டனை பற்றிப் பேச ஸீயஸ் வாய் திறக்கும் இடத்தில் அது பாதியில் நின்றுவிடுகிறது.

பிளேட்டோ வாழ்ந்த காலத்திலேயே, கி.மு. 373இல், ஹெலிக்கே என்ற நிஜமான கிரேக்க நகரம் நிலநடுக்கத்தில் ஓரிரவில் மூழ்கியது. பொசைடனின் கோபம் என்றார்கள். அப்படிச் சொல்வதில் கரையில் நிற்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: நாம தப்பு பண்ணல, நமக்கு வராது. அந்த ஆறுதலுக்காக, செத்தவர்கள் தலையில் குற்றத்தையும் ஏற்றிவிடுகிறோம். கற்பனைத் தீவுக்கு அதனால் நட்டமில்லை; ஹெலிக்கேவில் குழந்தைகளும் இருந்திருப்பார்கள்.

அட்லாண்டிஸ் கதையைச் சொல்கிறவர்கள் அந்த ஏதென்ஸ் வீரர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.