'சக்தியற்றவன்' என்று யாரிடம் சொல்வது?

ஆவடியில் குடியை விட நினைப்பவர்களுக்காக ஒரு குழு தொடங்கலாம் என்று தோழர்கள் சிலர் பேசிவருகிறோம். இடம், நாள், நேரம் எல்லாம் எப்படியும் முடிவாகிவிடும். தொண்டையில் சிக்கி நிற்பது ஒரே ஒரு வாக்கியம்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அதன் பன்னிரண்டு படிகளில் முதற்படி, மதுவின் முன் தாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. சென்னையிலும் இக்கூட்டங்கள் நடக்கின்றன; மீண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'ஒனக்கு ஏதுடா சக்தி' என்று சொல்லிச் சொல்லியே ஒடுக்கப்பட்டவனை, அதையே தன் வாயால் சொல்லச் சொல்வது விடுதலையா?

இது விதண்டாவாதம் இல்லை. வில்சனும் ஸ்மித்தும் தங்கள் நோயின் வேராகக் கண்டது அகந்தையை. எல்லாம் என் கையில் என்று இருந்தவனுக்கு 'இது உன் கையில் இல்லை' என்பது மருந்து. சேரிக்காரனின் நோய் தன்னைத்தானே கீழாக நினைப்பது. அவனுக்கு அதே மருந்து விஷமாகலாம்.

அவன் கைக்குக் குடி வந்த வழியையும் பார்க்க வேண்டும். சாவு வீட்டில் பறையடித்தவனுக்குக் கூலியோடு சாராயம். மலக்குழியில் இறங்குகிறவனுக்கு நாற்றம் மறக்கச் சாராயம். இறக்குகிறவனே வாங்கித் தருவான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அடிமைகளை மூக்குமுட்டக் குடிக்க வைத்து, சுதந்திரம் என்றால் இவ்வளவுதான் என்று அருவருக்கச் செய்த எஜமானர்களைப் பற்றி பிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதினார். இங்கேயும் ஊற்றிக் கொடுத்தவர்களே 'குடிகாரச் சாதி' என்ற பேரையும் வைத்தார்கள். 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 2023-24இல் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள், தலித்துகள் பலர்.

ஆகவே, 'அமைப்புதான் குடிக்க வைக்கிறது, அமைப்பை மாற்றினால் குடி தானாக நிற்கும்' என்கிறார்கள் நம் தோழர்களில் ஒரு சாரார். பாதி உண்மை. ஆனால் ராத்திரி அடி வாங்கிய பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 'என்னெ அடிச்சது அமைப்பா? இந்தக் கைதானே?' என்று கேட்பாள். அவன் செய்ததற்கு அவன் பொறுப்பில்லை என்றால், அவனுக்கு மனசாட்சியே இல்லை என்றாகிறது. ஆண்டையும் அதைத்தானே சொன்னான்?

அயோத்திதாசர் பஞ்சசீலத்தை நம் அறமாக முன்வைத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. உறுதி இல்லாதவனிடம் யாரும் உறுதிமொழி கேட்பதில்லை. கேட்டதே ஒரு மரியாதை.

ஆனால் உறுதிமொழி மட்டும் போதாது. உடம்பு குடிக்குப் பழகியபின், காலையில் எடுத்த சத்தியம் சாயங்காலம் உடையும். உடைந்த வெட்கத்துக்கு மறுபடி குடி. இங்கேதான் முதற்படியின் உண்மை இருக்கிறது. அதை மேலே உட்கார்ந்திருப்பவனிடம் சொன்னால் அடிபணிதல். அதே நடுக்கத்தை அனுபவித்து, அதே பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொன்னால் அது தோழமை. 'நான் ஒண்ணுமில்லாதவன்' என்று சொல்ல வேண்டாம். 'குடி என்னெ மீறிப் போச்சு, தனியா முடியல' என்று சொன்னால் போதும்.

அந்தப் பாய் உண்மையிலேயே சமமாக இருக்க வேண்டும். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று 1955இல் காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. டாங்கித் தொழிற்சாலைக்காரனும் ஒப்பந்தக் கூலியும் ஒரே பாயில் உட்காருவதை எந்தத் தீர்மானமும் நடத்தித் தராது. டீ போடுவதும் இடம் பெருக்குவதும் முறை வைத்து நடக்கட்டும். வெளியார் பணம் வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் உண்டியலில் போடலாம். பேர் மட்டும் போதும். 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்பது இங்கே சாதி கேட்கிற கேள்வி. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த காலனியில் பேரை மறைக்க முடியாது. கேட்டதை வெளியே கொண்டுபோகாமல் இருக்க முடியும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம், எனக்கு நடந்த கொடுமை. வலது பக்கம், நான் செய்த கொடுமை. இரண்டையும் முழுசாக எழுத வேண்டும். ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சுக்கக் கூடாது. குழுவின் ஒழுக்கம் முழுவதும் இதில் அடங்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 1951இல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென 'அல்-அனான்' தொடங்கினார்கள். நம் பெண்களுக்கும் தனிக் கூட்டம் வேண்டும், வலது பக்கத்தை அவர்களும் எழுதுவதற்கு.

இன்னொன்று. வருஷக்கணக்காகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். அவனை முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். குழுவின் வேலை அதற்கு அப்புறம்தான்.

நாலு வாரம் வந்தவன் ஐந்தாம் வாரம் குடித்துவிடுவான். ஆறாம் வாரம் வாசலில் நிற்பான். 'மறுபடியுமா?' என்று யாரும் கேட்க வேண்டாம். பாயில் நகர்ந்து இடம் விட்டால் போதும்.