நான் விடுற எடம்

"பெரியப்பா, நான் வேணாம்னு சொல்ற எடம் யாருக்குப் போகும்?"

தம்பி மகள் இப்படிக் கேட்டு வாரக்கணக்கில் ஆகிவிட்டது. எனக்கு மட்டும் அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. என்ன வேலை செய்தாலும் நாக்கு அங்கேயே போய் நிற்கிறது.

பின்னணி பெரிதாக ஒன்றும் இல்லை. ஜாசினில் வீடு. எஸ்டிபிஎம் முடித்த பெண். மருத்துவம் படிக்க மூன்று இடங்களிலிருந்து அழைப்பு. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையான யூபியூ வழியாகக் கோத்தா கினபாலுவில் இருக்கும் மலேசிய சபா பல்கலைக்கழகம். கெடாவில் எய்ம்ஸ்ட் தனியார் பல்கலைக்கழகம். மூன்றாவது, வீட்டிலிருந்து மோட்டாரிலேயே போய்வந்துவிடக்கூடிய தூரத்தில், புக்கிட் பாருவில் மணிப்பால் தனியார் மருத்துவக் கல்லூரி. அப்பா, அதாவது என் தம்பி, லாரி ஓட்டியவன். சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவுக்குப் பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலை. வாத்தியாராக இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "மாமா, நீங்க ஒரு முடிவு சொல்லிட்டா நாங்க மறுபேச்சு பேச மாட்டோம்" என்றாள் தம்பி மனைவி. அப்படிச் சொல்கிறவர்கள் மறுபேச்சோடு தயாராக இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

பேச்சு கணக்கிலேயே ஓடியது. சபாவில் கட்டணம் குறைவு, ஆனால் விமானம் ஏற வேண்டும். தனியார் என்றால் லட்சக்கணக்கில் வெள்ளி. பிடிபிடிஎன், எம்ஐஇடி கடன், வீட்டை அடகு வைத்தால் பேங்க் எவ்வளவு தரும், யார் ஜாமீன் நிற்பது. அவள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி. "வரிசையில அடுத்து நிக்கிறவங்களுக்குப் போகும்மா" என்று நான் சொன்னேன். எல்லோரும் திரும்பவும் ஜாமீனுக்குப் போய்விட்டோம்.

கிளம்புவதற்கு முன் கடிதங்களை இன்னொரு முறை புரட்டினேன். யூபியூவுக்குத் தாள் வேலை இல்லை, எல்லாம் இணையத்தில். மற்ற இரண்டையும் கடையில் அச்செடுத்து வைத்திருந்தாள். மணிப்பால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏற்றுக்கொள்கிறேன் என்ற கட்டத்துக்குள், பென்சிலில் ஒரு சரிக்குறி போட்டு அழித்திருந்தது. ரப்பர் தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தது. ஆனால் அழுத்திப் போட்ட குறி. தாளைக் கொஞ்சம் சாய்த்தால் விளக்கு வெளிச்சத்தில் பள்ளம் தெரிந்தது. எய்ம்ஸ்ட் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

முதலில் நினைத்தது, மனம் மாறியிருக்கிறாள் என்று. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மாறாமல் என்ன செய்யும்.

மூன்று அழைப்பு என்பதே எங்கள் குடும்பத்துக்கு விளங்காத ஒன்று. மலாயா முழுவதற்கும் ஒரே மருத்துவப் பள்ளி சிங்கப்பூரில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1905இல் இருபத்துமூன்று மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். மகாதீர் படித்ததும் அங்கேதான். டாக்டராக வேண்டுமென்றால் சிங்கப்பூர், இல்லையென்றால் கப்பல். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகம் மருத்துவத்துறையைத் தொடங்கியது 1962இல். அதன் முதல் டீன் டி. ஜே. தனராஜ், நம்மவர். மணிப்பால் மலாக்காவுக்கு வந்தது 1997இல். முதல் பாதிப் படிப்பைக் கர்நாடகாவில் முடித்துவிட்டு, மீதிக்குப் பிள்ளைகள் மலாக்காவுக்குத் திரும்பி வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தோட்டத்தில் எங்களுக்கு டாக்டர் என்றால் டிரஸர்தான். வெள்ளைக் கலக்கு மருந்து, ஊதா மருந்து, இரண்டுக்கு மேல் அவரிடமும் தேர்வு கிடையாது.

தேர்வு என்று ஒன்று தோட்டத்தில் வந்தது நெரை பிரிக்கும்போதுதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் கேள்வி என்னை நேராக அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

இந்த நாட்டில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் வேர் பிடித்தது மலாக்காவில். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அங்கிருந்து ஜாசின், மெர்லிமாவ் பக்கமெல்லாம் பால்மரம் ஆனது. அப்படி ஒரு தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்தோம். வெட்டுகிறவருக்கு ஆளுக்கு ஒரு நெரை, அதாவது அவர் பால் வெட்ட வேண்டிய மரவரிசை. எல்லா நெரையும் ஒன்றல்ல. சமதரையில் இளமரம் கிடைத்தவர் பதினோரு மணிக்குள் பாலைக் கொட்டாயில் கொண்டுவந்து ஊற்றிவிட்டு வீட்டில் இருப்பார். மேட்டில் கிழட்டு மரம் கிடைத்தவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பட்டையில் வெட்டுவதற்கே இடம் தேட வேண்டும். எங்கம்மாவுக்கு மேட்டு நெரை.

ஒருமுறை சமதரை நெரைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஜொகூருக்குப் போய்விட்டார். பழைய ஆள் என்பதால் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி முதலில் எங்கம்மாவைத்தான் கேட்டார். அம்மா வேண்டாம் என்றாள். கடைசி லயத்தில் இழுப்புக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள், அவளும் மேட்டில்தான் வெட்டினாள். அவளுக்குக் கொடுங்கள் என்றாளாம். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் வாசித்தபோது அந்த நெரை மண்டோரின் கொழுந்தியாளுக்குப் போயிருந்தது. இழுப்புக்காரி ஏணியோடு மேட்டுக்குப் போனாள். எங்கம்மாவும் போனாள்.

அன்று ராத்திரி அப்பா போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வேணாம்னு சொன்னதோட நம்ம வேல முடிஞ்சிருச்சி. அது எங்க போவுதுன்னு திரும்பிப் பாத்துக்கிட்டே நின்னா பால் ஒறைஞ்சிரும்."

நான் தம்பி மகளிடம் வரிசை என்று சொன்னது வாத்தியார் புத்தி. பள்ளிக்கூடத்தில் ஒருவன் நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் முன்னால் வருவான். வெளியே அப்படி ஒரே வரிசையா இருக்கிறது? அரசு மெட்ரிகுலேசனில் பூமிபுத்ராக்களுக்குத் தொண்ணூறு விழுக்காடு ஒரு வாசல், மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு இன்னொரு வாசல். தனியாரில் மதிப்பெண்ணோடு பணமும் சேர்ந்து நிற்க வேண்டும். அவள் கெடாவில் விடுகிற இடம், அவள் மனத்தில் இருக்கிற யாரோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் போகலாம். கடன் வாங்கத் தேவையே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் போகலாம். யாருக்கும் போகாமல் காலியாகவும் கிடக்கலாம். விட்டுக்கொடுப்பது நம் கையில், போய்ச் சேர்வது மண்டோர் கையில். அப்படியென்றால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லையா?

இங்கே இன்னொன்று குறுக்கே வருகிறது. 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவித்தபோது ஏதோ பத்திரிகையில் படித்தது. பரிசு பெற்ற இருவரில் ஒருவர் லாயிட் ஷாப்லி. அவரும் டேவிட் கேல் என்பவரும் 1962இல் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சாரம் இதுதான்: மாணவர் தனக்கு மிகப் பிடித்த கல்லூரியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருவார்; கல்லூரி உடனே முடிவு சொல்லாமல், வந்தவர்களில் சிறந்தவர்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடும்; அனுப்பப்பட்டவர் அடுத்த கல்லூரிக்குப் போவார். நகர வேண்டியவர்கள் எல்லாம் நகர்ந்து முடிந்தபின் கதவை மூடுவார்கள். மூன்று நாற்காலியில் ஒருவர் துண்டு போட்டு வைப்பது இதில் நடக்காது. அமெரிக்காவில் புது டாக்டர்களுக்குப் பயிற்சி மருத்துவமனை ஒதுக்குவது ஏறத்தாழ இந்த வழியில்தான், 1952இலிருந்து. படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்: மண்டோர் இல்லாத பெரட்டு!

இப்போது அந்தச் சந்தோஷம் அவ்வளவாக இல்லை. அந்த ஏற்பாட்டில் தம்பி மகள் கேட்ட கேள்வி யாருக்கும் வராது. இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அது நல்லதுதானே என்று ஒரு மனம் சொல்கிறது. பென்சிலால் குறி போட்டு அழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஒரு பெண் டாக்டராகி வந்தால் அவளிடம் நான் மருந்து வாங்குவேனா? வாங்குவேன், வேறு வழி இல்லையென்றால்.

அந்தப் பென்சில் குறியைப் பற்றி இரண்டாவதாகத் தோன்றியது: அவளுக்குப் பிடித்தது மணிப்பால்தான். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வர ஆள் வேண்டும். குறி போட்டிருக்கிறாள், பிறகு கட்டணத்தைப் பார்த்திருக்கிறாள், அழித்திருக்கிறாள். அப்படியானால் அவள் கேள்வி பெருந்தன்மையில் வந்ததல்ல. கைக்கு எட்டியதை விடுகிறோமே, அதற்காவது ஒரு பயன் இருக்கட்டும் என்ற ஆதங்கம். என் அம்மாவுக்கும் அப்படித்தானோ? அவள் வேண்டாம் என்றது இழுப்புக்காரிக்காகவா, மண்டோரிடம் கடன்படக் கூடாது என்றா?

மூன்றாவதும் ஒன்று உண்டு. அழித்தது அவள் அம்மாவாக இருக்கலாம். வீட்டுக் கணக்கு அவளிடம்தான்.

இடம் யாருக்கு என்ற கேள்வி டயாலிசிஸிலும் இருந்தது. கேல், ஷாப்லி கட்டுரை வந்த அதே 1962இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சியாட்டலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், நெடுநாள் டயாலிசிஸ் செய்ய வழி கண்டுபிடித்திருந்தார். இயந்திரம் கொஞ்சம், நோயாளிகள் நிறைய. யாரை இணைப்பது என்று முடிவுசெய்ய ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கொண்ட ஒரு குழு. குடும்பம், வேலை, சர்ச்சுக்குப் போகிறாரா என்பதெல்லாம் பார்த்து, இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்றார்கள். தம்பியை மலாக்காவில் அந்த நாற்காலியில் சாய்த்து ஊசி ஏற்றும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவன் அதில் படுத்துத் தூங்கிவிடுவான். எழுந்ததும் பசியாற எங்கே போகலாம் என்பான். அவனுக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. குழு எதுவும் அவனைக் கேள்வி கேட்கவில்லை. இயந்திரங்கள் பெருகின, அவ்வளவுதான். இடம் பெருகினால் கேள்வி தானாக மறைந்துவிடும் என்று இதை வைத்து வாதிடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு 2021 ஜூலை. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் கோவிட் நோயாளிகளுக்குக் கட்டில் போதவில்லை. யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு ஐசியூ என்று இரவும் பகலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதே மாதம் 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றார்கள். 2016 கடைசியிலிருந்து புதியவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நிரந்தர இடம் எப்போது, யாருக்கு என்பது அவர்களுக்கே தெரியாது. ஒரே ஆள், உள்ளே கட்டில் பிரித்துக் கொடுப்பவராகவும் வெளியே தன் நெரைக்குக் காத்து நிற்பவராகவும். தம்பி மகள் போய்ச் சேரப்போவது அங்கேதான். எந்தக் கல்லூரி வழியாகப் போனாலும்.

முடிவை அவளே எடுத்தாள். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் சபாவை ஏற்றுக்கொண்டுவிட்டாள். எங்களிடம் சொன்னது அடுத்த நாள்தான். தம்பி மனைவி மறுபேச்சு பேசினாள், எதிர்பார்த்தபடியே. மற்ற இரண்டு கல்லூரிக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள், வரவில்லை, மன்னிக்கவும் என்று. தேதி தாண்டினால் தானாகக் காலாவதியாகிவிடுமே, எதற்கு என்றேன்.

"சீக்கிரம் சொன்னா வேற யாருக்காச்சும் குடுப்பாங்கல்ல, பெரியப்பா."

பென்சில் குறியைப் பற்றிக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எங்கம்மா சொன்னதைச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ நோயாளி பார்க்கப்போகிற பெண், ஒவ்வொரு கட்டிலுக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் தாங்குவாளா? திரும்பியே பார்க்காதவளாக ஆகிவிட்டால் அது தேவலையா? இரண்டுக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது, எது கனம் என்றுதான் தெரியவில்லை. போதாததற்கு இப்போது அம்மா பேரிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கடைசி லயத்துக்குத் தினமும் சுடுதண்ணியும் இஞ்சியும் கொண்டுபோனது அவள்தான். அது வெறும் அக்கம்பக்கப் பழக்கமா, வேறு ஏதாவதா என்று கேட்க இப்போது அவளும் இல்லை.