பாடம்செய்த பறவைகளும் அறிவின் அறமும்

ஓர் உயிரை அறியும்பொருட்டு அவ்வுயிரையே மாய்த்தல் தகுமா? ஐரோப்பிய நூதனசாலைகளின் தொடக்ககால வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினா தவிர்க்கவியலாததொன்றாகும்.

18ஆம் நூற்றாண்டிலே பறவைத் தோல்கள் பூச்சிகளுக்கு இரையாகி விரைவில் அழிந்தன. ஒக்ஸ்போட்டிற் பேணப்பட்ட டோடோப் பறவையின் உடலில் தலையும் ஒரு பாதமுமே எஞ்சின. பிரான்சின் மெட்ஸ் நகரத்துப் பெக்கூர் என்பார் ஆக்கிய ஆசனிக்குச் சவர்க்காரம் பரவலான பின்னரே தோல்களை நெடுங்காலம் பேணல் இயல்வதாயிற்று. பேணும் வழி கைவரவே, சேகரிக்கும் வேட்கையும் பெருகிற்று.

அவ்வேட்கையின் எல்லையைப் பெரும் ஓக் பறவையின் முடிவு காட்டுகின்றது. பறக்கவியலாத இக்கடற்பறவையை அருகச்செய்தோர், இறைச்சிக்கும் இறகுக்குமாக அதனைக் கொன்றோரே. ஆயின் அருகிய பின்னர் அருமையே அதன் விலையாயிற்று. 1844 யூன் மாதத்தில், ஐசுலாந்தை அடுத்த எல்டே தீவில், நம்பத்தக்க சான்றுள்ள இறுதிச் சோடி சேகரிப்போருக்கு விற்கும்பொருட்டுக் கொல்லப்பட்டது. அவற்றின் உள்ளுறுப்புக்கள் கோப்பன்கேகனில் இன்றும் உள.

மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். 1967இல் டெரெக் றட்கிளிவ், பழைய சேகரிப்புக்களிலிருந்த முட்டையோடுகளை ஒப்பிட்டு, பிரித்தானிய வல்லூறுகளின் முட்டையோடுகள் 1947 அளவிலிருந்து மெலிந்தமையை நிறுவினார். டீ.டீ.ரீ. முதலிய பூச்சிகொல்லிகளின் தீங்கை மெய்ப்பிக்க இச்சான்று பெரிதும் உதவிற்று. அவை தடைசெய்யப்பட்டபின் வல்லூறுகள் மீண்டும் பெருகின. அவ்வாறாயின், அன்று முட்டை கவர்ந்தோரே அவ்வினத்தைக் காத்தோராயினரோ?

அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. ஒரு செயலின் அறத்தை, அதனைப் புரிந்தோன் அறிந்தவற்றையும் நாடியவற்றையும் கொண்டே மதித்தல் வேண்டும். எதிர்பாராத பயன் பின்வந்தோரின் உழைப்பால் விளைந்ததாதலின், அதன் புண்ணியம் அவனைச் சாராது. எனின், சேகரித்தோர் அனைவரும் ஒரே குற்றத்தினர் எனலாமா? அதுவும் மிகையே. பல்கிய இனமொன்றிலிருந்து, இடமும் நாளும் குறித்துச் சிலவற்றை எடுத்த ஆய்வாளனையும், இறுதிச் சோடிக்கு விலைபேசியவனையும் ஒருங்குவைத்து எண்ணுதல் முறையாகாது. முன்னவன் அறிய விழைந்தான்; பின்னவன் பிறரிடம் இல்லாததை உடைமையாக்க விழைந்தான். இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. தான் அறிய விழையும் பொருள் தன்னாலேயே அழியும் எனக் கண்டவிடத்து அறிவு வேட்கை நின்றுவிடும். உடைமை வேட்கையோ அங்கேதான் விரைவுறும்.

எனினும், கொல்லப்பட்ட தனிப்பறவைக்கு இவ்வேறுபாட்டாற் பயன் யாதுமில்லை. எத்துணை நன்னோக்கமும் அதன் இழப்பை ஈடுசெய்யாது. ஆகவே, அச்சேகரிப்புக்களைப் பெற்ற நாம் கடன்பட்டோராவோம். அவற்றைப் பழுதின்றிப் பேணி, அவை கூறவல்லவற்றையெல்லாம் ஆய்ந்தறிந்து, எஞ்சியுள்ள இனங்களின் காப்புக்குப் பயன்படுத்துதலே அக்கடனைத் தீர்க்கும் வழி. பழைய தோலொன்று விடையளிக்கவல்ல வினாவுக்காகப் புதியதோர் உயிரைப் பறிப்போன் அக்கடனை மறந்தவனாவான்.