பிள்ளை வளர்க்கப் பட்டம் வேண்டுமா?

வாசுதேவநல்லூரில் நாம் அறிந்த ஒரு வீட்டில் அண்மையில் இக்கேள்வி எழுந்தது. பட்டப் படிப்பை முடித்த மகள், குழந்தை வளர்ச்சியும் குடும்ப இயலும் பற்றி முதுகலை பயிலக் கோவைக்குச் செல்ல விரும்பினாள். வாப்பா மறுக்கவில்லை. உம்மாதான் கேட்டார்: "ஐந்து பிள்ளைகளை வளர்த்த நான் எந்தக் கல்லூரிக்குப் போனேன்? நாளைக்குப் படித்துவிட்டு வந்து என்னையே குறை சொல்வாயோ?"

சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது. நூலறிவு உயர்ந்ததென்றால், ஒரு தாயின் வாழ்நாள் உழைப்பு தாழ்ந்ததாகிவிடுமா?

கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தோன்றியது. 1988இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மனையியல் என்றால் சமையலும் தையலும் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். குழந்தை எதற்கு அஞ்சுகிறது, வாப்பா வளைகுடாவில் இருக்க உம்மா தனித்து வளர்க்கும் பிள்ளையின் மனம் எவ்வாறு உருவாகிறது என்பனவும் இவ்வியலின் ஆராய்ச்சிக்கு உரியவையே.

முன்னோர் அறிவு பிழைத்த இடம் உண்டு. சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சிசுவின் நாவில் தடவிய வீடுகள் எத்தனை! அவர்களுக்கு அன்பில் குறைவில்லை. நோய்க்கு முதற்காப்பு அந்தப் பாலே என்பதை அறியவில்லை, அவ்வளவுதான்.

நூலறிவு பிழைத்த இடமும் உண்டு. அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளையைக் கட்டியணைப்பதும் முத்தமிடுவதும் மடியில் இருத்துவதும் கூடாதென்று தாய்மார்க்கு அறிவுறுத்தினார். காலையில் கைகுலுக்கினால் போதுமாம்! விஞ்ஞானத்தின் பெயரால் வந்த சொல்லாதலால் படித்தவர் பலர் நம்பினர். பின்னர் 1958இல் ஹாரி ஹார்லோ தம் ஆய்வை வெளியிட்டார். தாயைப் பிரித்த குரங்குக் குட்டிகளுக்குப் பால் தரும் கம்பிப் பொம்மை ஒன்றும், பால் தராத துணிப் பொம்மை ஒன்றும் வைத்தபோது, அவை பசி தீர்ந்ததும் துணியையே தழுவிக் கிடந்தன. (அக்குட்டிகளுக்கு இழைத்த கொடுமை தனிக் கணக்கு.) சேலைத் தொட்டிலை ஆட்டித் தாலாட்டிய நம் மூதாட்டியருக்கு இதை உணர்த்த எந்தக் குரங்கும் வேண்டியிருக்கவில்லை.

இரு பிழைகளுக்கும் விலை கொடுத்தது குழந்தைதான். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அமானிதத்தைக் காப்பவருக்கு, 'எனக்குத் தெரியாது' என்பது எத்தனை நாளைக்குச் சாக்காகும்? அறிய வழியில்லாக் காலத்துப் பிழை மன்னிக்கத்தக்கது. வழி திறந்த பின்னும் அறிய மறுப்பது வேறு. ஆகவே அந்த உம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. மகளைத் தடுத்திருந்தால் சொல்லலாம். மகளுக்கும் ஒரு கடமை உண்டு. வாட்சனைப் போல் எடுத்த எடுப்பில் தீர்ப்பளிக்காமல், ஐந்து பிள்ளைகளை வளர்த்தவரின் அருகில் அமர்ந்து முதலில் கேட்க வேண்டும்.

உம்மா இப்போது புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வருவித்து, மகள் கோவைக்குக் கொண்டுபோக ஊறுகாய் போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.